யன்னல் கட்டின்மேல் இருந்த மண்ணெண்ணெய்

தர்மபுரத்தில் நாங்கள் கணினி படிப்பித்த கொட்டிலின் யன்னல் கட்டின்மேல் ஒரு சோடாப் போத்தில் இருக்கும். ஜெனரேற்றருக்கென்று கிடைக்கும் மண்ணெண்ணெயில் அன்றன்று மிச்சம் பிடித்ததை என்னோடு படிப்பித்த ரீச்சர் அதில் ஊற்றி வைப்பார். நிறைந்ததும் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளின் குப்பி விளக்குகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. மின்சாரம் கிடையாது, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் வவுனியாவைத் தாண்டி வருவதே பெரும்பாடு. ஒரு சொட்டுச் சிந்தினாலும் அவருக்கு முகம் சுருங்கிவிடும். எண்ணெயைக் கட்டிப்பிடித்துக்கொண்டே சொர்க்கத்துக்குப் போகப்போகிறீர்கள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

நான் அங்கே தட்டச்சும் கணக்கும் படிப்பித்தேன். கணினி முழுவதும் ரீச்சரின் பொறுப்பு. யார் யாரோ கழித்துவிட்ட பாகங்களைச் சேர்த்து, மலையகத்திலிருந்து குடிபெயர்ந்தபோது அவர் தகப்பனார் கொண்டுவந்த தேயிலைப் பெட்டிக்குள் கணினியாகப் பூட்டி வைத்திருந்தார். யாரோ ஒருவரின் துணிப்பைக்குள் ஒளிந்து வந்த சீடியிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தனக்கேற்றபடி தானே தொகுத்துக்கொண்டார். தொடங்கும்போது ஓடும் ஆங்கில வரிகளைக் கண்டு பிள்ளைகள் மிரளுகிறார்கள் என்று, அவற்றை மறைத்து, தன் கையால் வரைந்த எழுத்துகளில் ‘வணக்கம்’ என்று திரையில் வரச் செய்தார். அதை முதன்முதலில் பார்த்த நாளில் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். எனக்குக் கண்கூடக் கலங்கியது.

ஒருநாள் வகுப்பின் நடுவில் ஜெனரேற்றர் விக்கி நின்றது. அடுத்த நாளிலிருந்து கணினி ‘வணக்கம்’ சொல்லும், அதற்கு மேல் அசையாது. ரீச்சர் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, “நிப்பாட்டுங்கோ மாஸ்ரர், எண்ணெய் வீணாப் போகுது” என்று என்னிடம் சொல்வார். நான் ஜெனரேற்றரை நிறுத்தியதும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, அழிறப்பரால் தேய்த்து, இடம் மாற்றிப் பூட்டுவார். மறுநாளும் ‘வணக்கம்’தான். அவசரத்துக்கென்று வைத்திருந்த பிளொப்பிகளில் பூஞ்சணம் பிடித்திருந்ததால் வேறு வழியாலும் உள்ளே போக முடியவில்லை. அவர் வரைந்த எழுத்துகளும், பிள்ளைகளுக்கென்று தமிழில் செய்த பாடங்களும் அதற்குள்ளேயே கிடந்தன.

“நான்தான் எங்கயோ பிழை விட்டிட்டன்” என்று அவர் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். எங்கள் கணினி நிலையத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர், ஆனால் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? “ரீச்சர், எல்லாரும் பாவிக்கிறதையே போடுங்கோ. பிள்ளையளின்ர படிப்பெல்லோ நிக்குது” என்றார். ரீச்சர் டிஸ்க்கை முழுவதும் அழித்து வழமையானதைப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தவணையோடு வேலையை விட்டு முள்ளியவளைக்குப் போனவர் பிறகு கணினியைத் தொடவேயில்லை என்று கேள்விப்பட்டேன்.

சில வருடங்கள் கழித்து நான் வேலை பார்த்த அலுவலகத்தில், மின்சாரம் தடைப்பட்டுத் திரும்ப வந்த ஒரு பிற்பகல், அங்கிருந்த லினக்ஸ் கணினி இப்படித்தான் நின்றது. நான் பதறினேன். “கரண்ட் சடாரெண்டு போனதால அது டிஸ்க்கைச் சரிபார்க்குது. பழைய டிஸ்க், நேரம் எடுக்கும், விடுங்கோ” என்றார் பக்கத்துக் கதிரைக்காரர். திரையில் வரிகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன, பெட்டிக்குள் டிஸ்க் கறகறத்தது. தேநீர் குடித்துவிட்டு வந்தேன், அது எழும்பியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கணினியும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். வரிகளை ‘வணக்கம்’ மறைத்தது, கறகறப்பை ஜெனரேற்றரின் இரைச்சல் விழுங்கியது. அது முடிப்பதற்குள் நாங்கள் ஜெனரேற்றரை நிறுத்தி எண்ணெயை மிச்சம் பிடித்தோம். மறுநாள் அது பாவம் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

போரும் இடப்பெயர்வும் எங்களை எங்கெங்கோ எறிந்துவிட்டன. ரீச்சரின் தொலைபேசி இலக்கம் போன வருடம்தான் கிடைத்தது. கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் மோட்டரை நிறுத்திவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“அப்ப நான் கட்டினதில பிழையில்லையோ?”

“ஒரு பிழையுமில்லை, ரீச்சர்.”

பிறகு மெதுவாகக் கேட்டார்:

“மாஸ்ரர், அந்த யன்னல் போத்திலில இருந்த எண்ணெய், அது முடிக்கிறவரைக்கும் ஓட்டக் காணுமா இருந்திருக்குமோ?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“ஓம் ரீச்சர், காணும்” என்றேன்.