ஒன்பது நாள் ஜெபமும் ஒரு நாள் விமானமும்

இன்று மாலை எங்கள் உப்பளம் பேட்டையில், எதிர்வீட்டு தெரேசம்மாள் வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மகன் நேற்றுதான் பம்பாயில் விமானம் ஏறி, வேலைக்காகப் பாரீசுக்குப் புறப்பட்டான்.

யாராவது தூரதேசம் போனால், பத்திரமாகப் போய்ச் சேர ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்வது எங்கள் தெரு வழக்கம். கப்பலில் போனவர்களுக்கு அது சரியாக இருந்தது. ஒன்பதாம் நாளிலும் அவர்கள் நடுக்கடலில்தான் இருப்பார்கள்.

இன்று இரண்டாம் நாள். ஜெபம் பாதியில் இருக்கும்போதே தந்தி வந்துவிட்டது. சுகமாகச் சேர்ந்துவிட்டானாம்.

தெரேசம்மாள் தந்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். உடனே முகம் மாறியது.

"அதுக்குள்ளயா? இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்கே! நவநாள நடுவுல நிறுத்தக் கூடாதே!"

"அவன்தான் போய்ச் சேந்துட்டானே அக்கா, இனிமே எதுக்கு வேண்டிக்கிறது?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "மாசாமாசம் கடுதாசி போடணும்னு வேண்டிக்குவோம்."

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவரோரம் சாய்ந்திருந்த மூன்று தாய்மாரும் சட்டென்று முழங்கால் போட்டார்கள்.

பாரீஸ் போக ஒரு நாள் போதும். கடுதாசி வர ஏழு நாள் ஜெபம் போதுமா? நீங்களே சொல்லுங்கள்.