பத்தாம் அறைக்கு எட்டாம் அறையின் சூடு

அந்த கம்ப்யூட்டர் நிரலுக்கு நான் பதினான்கு குறிப்புகள் எழுதினேன். நிரலை எழுதியவன் கொச்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். நான் வண்டிப்பெரியாரில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில் இருந்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் அவன் “சரி சேச்சி” என்று பதில் போட்டுத் திருத்தினான். பதினான்கும் முடிந்ததும் “நன்றாக இருக்கிறது” என்று எழுதி ஒப்புதல் கொடுத்தேன். அந்த வாரத்தில் நான் செய்த வேலைகளிலேயே மிகவும் ஒழுங்கான வேலை அதுதான் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் கம்பெனி விற்பது ஒரு சிறிய பெட்டி. ஏலக்காய்த் தோட்டங்களில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அதில் வரிசையாக அறைகள் இருக்கும், ஒவ்வொரு அறைக்கும் சூட்டை அளக்கும் ஒரு கருவி இருக்கும். முதலாளி கோட்டயத்தில் இருப்பார். அங்கிருந்தே எந்த அறையில் எவ்வளவு சூடு என்று ஃபோனில் பார்க்க அவருக்கு ஆசை. நடுவில் எங்கள் பெட்டி உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் கேள்வியை உள்ளே உரிய கருவிக்கு அனுப்பும். இதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். “இந்த எண்ணுள்ள வாசலைத் தட்டினால் உள்ளே இந்த முகவரிக்குப் போ” என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு விதி எழுதிவைக்க வேண்டும். முகவரியின் கடைசி எண் அந்த அறையின் எண்ணாகவே இருக்கும். விதியில் உள்ள முகவரியைப் பிரித்துப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியைத்தான் நான் சரிபார்த்தேன்.

முகவரியே இல்லாவிட்டால் என்ன ஆகும், முக்காற்புள்ளி இரண்டு வந்தால் என்ன ஆகும், போர்ட் எண் அளவுக்கு மீறினால் என்ன ஆகும், பிழைச் செய்தியின் கடைசியில் முற்றுப்புள்ளி ஏன் இல்லை என்றெல்லாம் கேட்டிருந்தேன். பதினான்காவது குறிப்பு உதவிப் பக்கத்தில் உள்ள உதாரணத்தைப் பற்றியது. அவன் 192.168.1.5 என்று எழுதியிருந்தான். 192.168.001.005 என்று மூன்று இலக்கமாக எழுதச் சொன்னேன். பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும் என்று காரணமும் சொன்னேன். மாற்றினான். அதே முகவரியை வைத்துச் சோதித்தான். சோதனை தேறியது.

கொச்சியில் யாருக்கும் அப்படி எழுதத் தோன்றாது. நான் வளர்ந்த தேயிலை எஸ்டேட்டில் வேறு மாதிரி எழுதத் தோன்றாது. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் தொழிலாளியின் எண்ணுக்கு மூன்று கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பிறகு யாராவது எதையாவது நிரப்பிவிடலாம் என்பதால் மூன்றையும் நிரப்பியாக வேண்டும். என் அம்மாவின் எண் சைபர் நாற்பத்தேழு. வெறும் நாற்பத்தேழு என்று கூப்பிட்டால் அம்மா திரும்பமாட்டார், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு சைபர் சைபர் ஆறு. பள்ளியில் பரீட்சைத்தாளில்கூட நாங்கள் வரிசை எண்ணை இப்படி எழுதி, சமவெளியிலிருந்து வந்த டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

தோட்டங்களுக்குப் போய்ப் பெட்டியை மாட்டிவருபவர் சூரியநெல்லிக்காரர். அவரும் எஸ்டேட் பிள்ளைதான். சக்குபள்ளத்தில் பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு ஸ்டோரில் மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபோன் செய்தார்.

“தங்கச்சி, பொட்டி சைபர் சைபர் எட்டை எடுக்க மாட்டேங்குது. ஒம்பதும் அப்படித்தான்.”

“மத்ததெல்லாம்?”

“ஏழு வரைக்கும் சரியா இருக்கு. சைபர் பத்து, சைபர் பதினொண்ணு, சைபர் பன்னெண்டையும் எடுத்துக்கிச்சு. இது ரெண்டும்தான் மொரண்டு பிடிக்குது.”

“அது ரெண்டுக்கும் மட்டும் சைபர் இல்லாம போட்டுப் பாருங்கண்ணே.”

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. “எடுத்துக்கிச்சு. ஆனா பாக்க ஒரு மாதிரியா இருக்கு, பல்லு போன மாதிரி.”

“பரவால்ல, விடுங்க.”

அன்றைய என் பட்டியலில் “எட்டு, ஒன்பது: சைபரை எடுத்ததும் சரியாகிவிட்டது” என்று எழுதி டிக் அடித்தேன். ஏன் அந்த இரண்டு எண்கள் மட்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. டிக் அடித்த வரியை நான் மறுபடி படிப்பதில்லை.

அந்த ஸ்டோரில்தான் என் மாமாவுக்கு வேலை. அம்மாவின் தம்பி. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று அறைகளும் அவர் பொறுப்பு. விறகு வைத்து, சூட்டை ஐம்பதை ஒட்டி நிறுத்தி, மணிக்கு ஒரு தரம் நோட்டில் எழுத வேண்டும். குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு சேர்ந்தது. பெட்டி மாட்டிய இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

“மருமவளே, ஒரு சந்தேகம். இந்தப் பொட்டி பொய் சொல்லுமா?”

“பொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது மாமா.”

“அப்ப நான் சொல்லுதனா?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லணும்லா?”

விஷயம் இதுதான். எட்டாம் அறையின் புகைக்குழாய் பழுது என்று மூன்று நாளாக மூடிக் கிடந்தது. முதலாளியின் ஃபோனில் எட்டாம் அறை இருபத்தேழு டிகிரி காட்டியது. பத்தாம் அறையும் அதே இருபத்தேழு காட்டியது. மாமாவின் நோட்டிலோ பத்தாம் அறைக்கு மூன்று நாளும் ஐம்பது, ஐம்பத்தொன்று என்று இருந்தது. தீயே மூட்டாமல் வீட்டில் படுத்துக்கொண்டு நோட்டை நிரப்பியிருக்கிறான் என்று முதலாளி முடிவுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்துவிடு என்று சொல்லியிருந்தார்.

“காய் காய்ஞ்சிருக்குல்ல மாமா?”

“நல்லாவே காய்ஞ்சிருக்கு. அதையும் காட்டுனேன். கடைசில தீயை ஏத்திவிட்டு ஒப்பேத்திட்டேங்காரு.”

பார்க்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். மாமா சொன்னதை நான் அப்போது நம்பவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். மாமாவை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும், அந்த நிரலை ஒரு மாதமாகத்தான் தெரியும். இருந்தும் அன்று மாலை வரை மாமா சீட்டாடுவது, மத்தியானம் தூங்குவது, கல்யாண வீடுகளில் பந்திக்கு முந்துவது என்று அவர்மேல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குத்தான் ஒப்புதல் கொடுத்தாயிற்றே.

சனிக்கிழமை காலை குமுளி பஸ் ஏறி, அங்கே மாறி, சக்குபள்ளத்தில் இறங்கினேன். மாமா ஸ்டோர் வாசலில் நின்றார். மறுநாளோடு வேலை முடிகிறது என்றாலும் விறகு வைத்திருந்தார். முதலாளியின் ஃபோனில் உள்ளதையே என் ஃபோனிலும் திறந்தேன். பத்தாம் அறை இருபத்தெட்டு என்றது. மாமா பத்தாம் அறையின் கதவைத் திறந்தார். என் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் அடித்த அந்தச் சூடு இருபத்தெட்டு இல்லை என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

“மாமா, பன்னெண்டுல இருந்து ஒவ்வொரு கருவியா அணைச்சிட்டுப் போடுங்க. நான் சொன்னப்புறம் அடுத்தது.”

பன்னிரண்டை அணைத்தார். ஃபோனில் எல்லா எண்ணும் அப்படியே இருந்தன. பதினொன்றை அணைத்தார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு அறைகளையும் பெட்டி வந்த நாளிலிருந்து ஃபோனில் யாருமே பார்த்ததில்லை. பத்தை அணைத்தபோது ஃபோனில் பன்னிரண்டாம் அறை மறைந்தது. ஒன்பதை அணைத்தபோது ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்து மறைந்தன. எட்டை அணைத்தபோது எட்டும் பத்தும்.

அங்கே கிடந்த சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எண்ணின் முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை எட்டு எட்டாக எண்ணு என்று கம்ப்யூட்டர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்தக் கணக்கில் ஏழுக்கு அடுத்து பத்து. அங்கே பத்து என்று எழுதினால் நம் எட்டு, பதினொன்று என்றால் ஒன்பது, பன்னிரண்டு என்றால் நம் பத்து. எட்டு, ஒன்பது என்ற இலக்கங்களே கிடையாது, அதனால்தான் பெட்டி அவற்றை மறுத்தது. முகவரியைப் படிக்க கொச்சிக்காரன் எடுத்துப் போட்டிருந்த ஆயத்த நிரலுக்கு அந்தப் பழைய வழக்கம் இருந்தது. ஒன்று முதல் ஏழு வரை இரண்டு கணக்கும் ஒன்றுதான். நான் உதாரணத்துக்குச் சொன்னது ஐந்து. இதெல்லாம் கல்லூரியில் முதல் வருடப் பாடம். அதில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள்.

மாமாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“பத்து வெரல் இருக்கையில எதுக்கு எட்டு எட்டா எண்ணுதாங்க?”

“பழைய பழக்கம் மாமா.”

“நாம சைபர் போடுத மாதிரியா?”

“ஆமா.”

“ரெண்டு பழக்கமும் சேந்து என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு.”

கொச்சிக்கு ஃபோன் செய்து நிரல் எழுதியவனிடம் சொன்னேன். ஐயோ என்றான். பிறகு, முகவரியைத் தப்பாகத் தட்டியது மாட்டியவர்தான் என்று கஸ்டமரிடம் சொல்லலாமே என்றான். உதவிப் பக்கத்திலேயே அப்படித்தானே போட்டிருக்கிறது, அவரை எப்படிச் சொல்வது என்றேன். அவன் எதையோ தேடித் தட்டும் சத்தம் கேட்டது.

“சேச்சி, அது பதினாலாவது கமென்ட்.”

“தெரியும்.”

“யாரோட கமென்ட்னு பாக்கணுமா?”

“வேண்டாம்.”

விதிகளில் இருந்த பூஜ்யங்களை எடுத்துவிட்டு, பன்னிரண்டு அறைகளையும் மறுபடி அணைத்துப் போட்டுச் சரிபார்த்தேன். மத்தியானம் முதலாளியின் ஜீப் வந்தது. அவர் முன்னால் நின்று, பெட்டி தவறான அறையைக் காட்டியது, அந்தத் தவறு எங்களுடையது, அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவள் நான், இவர் என் மாமா என்று நான்கையும் வரிசையாகச் சொன்னேன். நாலாவதை மட்டும்தான் அவர் கவனித்தார் என்று தோன்றியது.

“மோளே, ஃபோன்ல ஞான் என் கண்ணால கண்டதாக்கும்.”

“இப்பப் பாருங்க சார்.”

பார்த்தார். பத்தாம் அறை, ஐம்பத்தொன்று. கதவருகே போய்க் கையை வைத்தும் பார்த்துக்கொண்டார். “இப்ப சரியாயி. ஆனா முன்னே இவன் எழுதினது நேரோ பொய்யோ, அது எனக்கு எங்கனே தெரியும்?”

நியாயமான கேள்வி. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கருவி ஒவ்வொன்றும் கடந்த பதினைந்து நாளின் சூட்டை மணிவாரியாகத் தன்னிடமே வைத்திருக்கும். பத்தாம் அறைக் கருவியைத் திறந்து நான் உரக்க வாசித்தேன். முதலாளி நோட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செவ்வாய் சரி, புதன் சரி, வியாழன் சரி. ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். முதலாளியின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினைந்து நாள் இருக்கிறதே என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன்.

“ஞாயிறு, காலை பத்து மணி. நாற்பத்தொன்று.”

விரல் நின்றது. “இவிடே அம்பது.”

“பதினொரு மணி, முப்பத்தொன்பது.”

“இவிடேயும் அம்பது.” அவர் மாமாவைப் பார்த்தார். “ஞாயிறு பத்து மணிக்கு நீ எவிடே?”

“கோயில்ல, முதலாளி.”

“அப்ப இது எழுதினது ஆரு?”

“போவும்போதே எழுதி வச்சிட்டுப் போனேன்.”

மூன்று நாள் சொல்லாத பொய்யிலிருந்து காப்பாற்ற வந்து, இரண்டு மணி நேரம் சொன்ன பொய்யைத் தெளிவான குரலில் நானே வாசித்திருக்கிறேன். அந்த எண்களை முணுமுணுத்திருந்தால்கூட அவர் விரல் தாண்டிப் போயிருக்கும்.

முதலாளி நோட்டை மூடினார். அதை மாமாவிடமே நீட்டினார். பிறகு, “கோயிலுக்குப் போறது தப்பில்லா. நானும் போறதாக்கும். போகும்முன்னே ஆரெயாச்சும் நிர்த்திட்டுப் போ,” என்றார். “திங்கள் வேலைக்கு வந்துக்கோ. வீட்டிலயும் இருந்துக்கோ.” ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, பத்தாம் அறைக்கு எதிரே ஒரு கேமராவும் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா கேட்டார்: “அந்த ஞாயித்துக்கெழமையை வாசிக்காம விட்டா என்ன?”

“கருவியில இருக்கே மாமா.”

“கருவியில இருக்கட்டும். ஒன் வாயிலயும் இருக்கணுமா?”

வேலை திரும்பக் கிடைத்ததற்கு அவர் நன்றி சொல்லவும் இல்லை, அவரை நம்பாததற்கு நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பஸ் வந்ததும் ஜன்னலோரச் சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

முன்னால் பூஜ்யம் உள்ள எந்த முகவரியையும் எங்கள் பெட்டி இப்போது ஏற்பதில்லை. ஏன் என்று ஒரு பிழைச் செய்தியும் காட்டுகிறது. அதை எழுதியது நான்தான். சூரியநெல்லி அண்ணன் அதைப் படித்துவிட்டு, “நம்ம ஆளுங்களுக்குன்னே எழுதியிருக்கே,” என்றார்.

மறு வாரம் கேமரா வந்தது, அதற்கான விதியைச் சரிபார்க்கும் வேலையும் எனக்கே வந்தது. முகவரியில் பூஜ்யம் இல்லை, படமும் தெரிந்தது. அது போதும் என்று டிக் அடிக்க மனம் வரவில்லை. மாமாவுக்கு ஃபோன் செய்து, பத்தாம் அறைக்கு முன்னால் நின்று கையைத் தூக்கச் சொன்னேன். என் திரையில் ஒரு மனிதர், தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் நோட்டைப் பிடித்தபடி, மறு கையைத் தூக்கினார். கேமரா பக்கம் திரும்பவில்லை.

“தெரியுதா?”

“தெரியுது மாமா.”

“அப்ப எறக்கலாமா? விறகு வைக்கணும்.”