சீட் கேட்கப் போன பலாப்பழங்கள்

போன வாரம் வேலை நிமித்தமாக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மதியம் திரும்பி வந்து ஜீப் கதவைத் திறந்தால், பின்சீட்டில் ஒரு பலாப்பழம். வாசனை குப்பென்று அடித்தது. டிரைவர் ஆசையாகப் பார்த்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பலாப்பழம் பிடிக்காதா என்று கேட்காதீர்கள். நெய்வேலியில் வளர்ந்தவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் ஒரு கோடை முழுக்க அந்தப் பழத்தோடு பஸ் பஸ்ஸாக அலைந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீடு சின்னது, தோட்டம் பெரிது. எங்கள் பிளாக்கில் பலா இல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டு மரம் எங்களுக்கு முன்னால் குடியிருந்த யாரோ வைத்துவிட்டுப் போனது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் அம்மா காயப்போடும் துணியில் படியும், பலா இலையில் படியும். சுளை மட்டும் தேனாக இருக்கும்.

அந்தப் பழம் சாப்பிடுவதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குழாய் ஒழுகுகிறதென்று புகார் கொடுத்து ஆள் வந்தால் அவருக்கு ஒரு பழம். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கு ஒரு பழம். அவசரத்துக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்தவர் வீட்டுக்கும் ஒன்று போகும். லஞ்சம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அது ஒரு மரியாதை. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று அப்பா நம்பினார்.

அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் வேலை. அந்த வேலை வந்ததே நிலத்தால்தான். குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போனது, பதிலுக்கு வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. பெர்மனென்ட் வேலை. ஊரே வந்து வாழ்த்தியதாம். பிற்பாடு அவருக்கு டூட்டி விழுந்த இடம், எங்கள் நிலத்தை வெட்டிய அதே பள்ளம். டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தால், "நம்ம கொல்லை அங்கதான் இருந்துச்சி" என்று கையை மேலே தூக்கிக் காட்டுவாராம். அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளத்துக்குள் நிற்பவர் மேலே வெறும் காற்றைத்தானே காட்ட முடியும்? சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரே ஆசை. நான் வேளாண்மை படிக்க வேண்டும். "நம்ம வூட்ல ஒருத்தராவது மண்ணுல நிக்கணும் பாப்பா" என்பார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

பிளஸ் டூ முடிவு வந்தது. வேதியியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் நம் நட்பு முறிந்துவிடும், வேண்டாம். காய்ச்சலா என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து போய்த்தான் அந்தப் பரீட்சையை எழுதினேன். வேளாண்மைக்கான கட் ஆஃப் எங்கேயோ இருந்தது, நான் எங்கேயோ இருந்தேன். பால் வாங்கப் போனால் பிளாக்கே "கட் ஆஃப் எவ்ளோ?" என்று கேட்டது. நான் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன்.

அப்பா தோட்டத்துக்குப் போனார். மரத்தில் ஏறி ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றை அறுத்து, காம்பில் வடிந்த பாலைத் துடைத்து, சாக்கில் கட்டினார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். இரண்டு பஸ் மாறி ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அட்மிஷன் ஆபீஸில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர், என் மார்க் ஷீட்டைப் பார்த்தார், சாக்கையும் பார்த்தார்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல வர்றதுங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

"தோட்டத்துப் பழங்க. வீட்டுக்கு எடுத்துகினு போங்க."

"ஐயா, தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க. யாராச்சும் பாத்தா என்னைத்தான் தப்பா நெனப்பாங்க."

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அப்பாவுக்கோ வேறு கவலை. பஸ் ஸ்டாண்டில் குனிந்து சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் பழுக்கல பாப்பா. வாசன வந்திருந்தா வாங்கியிருப்பாரு" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு விழுப்புரம், பாண்டிச்சேரி என்று எங்கெங்கோ போனோம். ஒவ்வொரு முறையும் போன முறையைவிட நல்ல பழம். பஸ்ஸில் கண்டக்டர்கள் கடைசி சீட்டுக்குத் துரத்தினார்கள். வாங்க ஆளில்லாத பழங்களை டீக்கடைகளில் கொடுத்துவிட்டு வந்தோம். வெள்ளைச் சட்டையில் பலாப்பால் கறை ஏறிக்கொண்டே போனது. அம்மா ஒருநாள் மரத்தடியில் நின்று, "கொழம்புக்குக்கூட ஒரு பிஞ்சு விடலியே" என்று சொல்லி அழுதாள். பிஞ்சுக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

மரம் காலியான பிறகு, வேறு வழி தெரியாமல் முதலில் போன பல்கலைக்கழகத்துக்கே மறுபடியும் போனோம். கையில் எதுவும் இல்லை. அப்பாவுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை, கட்டிக்கொண்டார், பிறகு பின்னால் வைத்துக்கொண்டார். கிளார்க் அடையாளம் கண்டுகொண்டார்.

"பழம் எங்கங்க?"

"தீந்துபோச்சிங்க."

அவர் ஒரு பட்டியலைப் புரட்டினார். "வேளாண்மை கெடைக்காதுங்க. ஜியாலஜியில எடம் காலியா கெடக்கு, யாரும் சேர மாட்டேங்கறாங்க. பாப்பா சேருதா?"

"அப்டின்னா இன்னாங்க?"

"பூமிக்குக் கீழ என்னென்ன இருக்குன்னு படிக்கறது. பாறை, தண்ணி, நிலக்கரி."

அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேல இருந்ததத்தான் குடுத்துட்டமே பாப்பா. கீழ இருக்கறதயாவது படி."  சேர்ந்துவிட்டேன். நன்றாகவே படித்தேன், காலம் கடந்து வந்த புத்தி.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. பழைய வீடுகளென்று எங்கள் வரிசையையே இடித்துவிட்டார்கள், மரமும் அதோடு போனது. ரிட்டயர் ஆகி அதிக நாள் ஆவதற்குள் அப்பாவும் போய்விட்டார். கடைசிவரை போனில், "பெர்மனென்ட் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்பார். ஆகவில்லை. கான்ட்ராக்ட்தான். நிலத்துக்கு அடியில் கனிமம் இருக்கிறதா என்று துளைபோட்டுப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஊர் ஊராகப் போகிறேன். வயலில்தான் நிற்கிறேன் அப்பா என்று ஒருமுறை சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

ஜீப்பில் பழம் வைத்தவர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். அப்பா வயதிருக்கும். துவைத்த சட்டை போட்டிருந்தார்.

"தோட்டத்துப் பழம் மேடம். எங்க நெலத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லன்னு எழுதிடுங்க."

"எல்லாம் மெஷின்ல வர்றதுங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பழத்தை இறக்கித் தரையில் வைத்தார். குனிந்து காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் பழுத்திருக்கு" என்றார்.