விட்டுப்போன கழுத்துச் சுலோகம்: திருத்தணியில் ஒரு வெள்ளிக்கிழமை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருத்தணிக்குப் போய்விட்டு வந்தேன். ஒரு நாள் பயணம்தான். அங்கே கிடைத்த அதிர்ச்சி இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. ரயில், கோயில், சாப்பாடு விவரம் வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் இதில் உண்டு. மீதியையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். நான் செய்த காரியத்தை இன்னொருவர் செய்துவிடக் கூடாது.

ஆறு வருடமாக அம்பாள் மீதான ஒரு சமஸ்கிருதத் துதியைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியனுக்கு வேறென்ன வேலை? மொத்தம் முப்பத்திரண்டு சுலோகம். கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை அம்பாளை வர்ணித்துக்கொண்டே போகும். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் இதைப் பாடும் பெண்கள் குழு ஒன்று உண்டு. அவர்கள் பாடிய ஒலிப்பதிவை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். கேட்டவன் துள்ளிக் குதித்தேன். அவர்கள் பாட்டில் முப்பத்தொரு சுலோகம்தான் இருந்தது. மோவாய் வரை வந்து, கழுத்தைத் தொடாமல் நேரே தோளுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கழுத்துச் சுலோகத்தில்தான் அம்பாளின் தாலி வருகிறது. விடுவேனா? ஆதியில் இது கல்யாணமாகாத கன்னித் தெய்வத்தைப் பாடிய துதி, தாலியைப் பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்டார்கள், பழைய பாடம் திருத்தணியில் மட்டும் பிழைத்திருக்கிறது என்று பன்னிரண்டு பக்கத்துக்கு முன்னுரை எழுதினேன். குழுவை நடத்தும் லோகம்மாவிடம் ஒருமுறை போனில் கேட்டதற்கு, "எங்க பாட்டுல அது கெடையாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நேரில் போகவில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் முன்னுரையை அந்தப் பெண்களுக்குப் படித்துக் காட்டி, ஒரு படமும் எடுத்துவரலாம் என்றுதான் கிளம்பினேன்.

சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து காலை ஆறரை மணி வண்டி. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். திருவள்ளூர் வரை நெரிசல், மணவூர் தாண்டியதும் கால் நீட்டலாம். அரக்கோணத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஒன்பது மணிக்குத் திருத்தணி சேர்ந்தது. நிலையத்துக்கு எதிரிலேயே டிபன்: இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். சட்னி காரம், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "மலைக்கா நைனா? மேல வரிக்கும் வுடட்டா, படிகிட்ட வுடட்டா?" என்றார். படிக்கட்டு வரை அறுபது ரூபாய். முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் நாற்பது நிமிடத்தில் ஏறினேன், நடுவில் நான்கு முறை உட்கார்ந்ததையும் சேர்த்து. வெள்ளிக்கிழமை என்பதால் பொது வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். முருகனிடம் புத்தகம் நன்றாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இறங்கிவந்து அளவுச் சாப்பாடு, தொண்ணூறு ரூபாய்.

மூன்று மணிக்கு அம்மன் கோயில் மண்டபத்தில் ஒன்பது பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். லோகம்மா தையல் கடை வைத்திருக்கிறார், அறுபது வயதிருக்கும். மற்றவர்களில் கடைக்காரர்கள் உண்டு, வயலுக்குப் போகிறவர்கள் உண்டு. தெலுங்கு எழுத்தில் எழுதிய நோட்டு இருவரிடம் இருந்தது, மற்றவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். பின்வரிசையில் கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வருகிற கஸ்தூரி, நாற்பது சொச்சம். பாடியபோது அவர் குரல்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனது. மோவாய் முடிந்தது, தோள் வந்தது. நான் பூரித்துப்போனேன்.

பாட்டு முடிந்ததும் முன்னுரையை எடுத்தேன். இரண்டாவது பக்கத்திலேயே லோகம்மா, "சார், மோர் சாப்ட்டுட்டு படிக்கலாமே" என்றார். உபசாரம் என்று நினைத்து, முடித்துவிட்டுக் குடிக்கிறேனே என்றேன். கொஞ்ச நேரத்தில், "அத வுட்டுட்டு அடுத்த பக்கம் படிங்க சார்" என்றார். அதுதான் முக்கியமான இடம் என்று சொல்லி, இன்னும் உரக்கப் படித்தேன். கழுத்துச் சுலோகத்தையும் அதில் வரும் தாலியையும் வார்த்தை வார்த்தையாக விளக்கினேன். என் புத்தியை எதால் அடிப்பது?

நிமிர்ந்தபோது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கஸ்தூரி மட்டும் கேட்டார்: "மத்த ஊர்லலாம் அந்தப் பாட்டு இருக்குதா சார்?"

"எல்லா ஊரிலும் இருக்கிறதம்மா. உங்களிடம் மட்டும்தான் இல்லை. அதுதான் உங்கள் பெருமை" என்றேன்.

அவர் லோகம்மா பக்கம் திரும்பினார். "இன்னாக்கா இது? எனுக்காவா?"

லோகம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டே பேசினார். "ஆங். நீ மொத மொத வந்தப்ப தாலி எறக்கி மூணு மாசம் கூட ஆவல. உன்ன எதுருல வெச்சிகினு அத எப்பிடிப் பாடறது? அந்த ஒரு வாரம் வுடலாம்னு வுட்டோம். அப்பறம் அடுத்த வாரமும் வுட்டோம். திரும்ப எப்ப ஆரம்பிக்கறதுன்னே தெரில. சார் போன் பண்ணப்பகூட நீ என் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்த."

பதினோரு வருடமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னித் தெய்வமும் இல்லை, பழைய பாடமும் இல்லை. ஒருத்தி மனம் நோகக் கூடாது என்று எட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டதை நான் பன்னிரண்டு பக்கம் எழுதி, அவர் முகத்துக்கு நேராகவே படித்துக் காட்டியிருக்கிறேன்.

கஸ்தூரி அழவில்லை. குரல்கூட உயரவில்லை. "அவ கழுத்துல இருக்கறதப் பாடறதுக்கு என் கழுத்த ஏன்க்கா பாத்தீங்க?" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லோகம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அவ இனிமே வர மாட்டா சார்" என்று மட்டும் சொன்னார். படம் எடுக்கட்டுமா என்று கேட்க வாயே வரவில்லை. பேய் அறைந்தவன்போல் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வழியில் பஸ் நிலையத்தில் கண்டிகை பஸ்ஸுக்குக் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"நீ ஏன் சார் மன்னிப்பு கேக்கற? நீயாவது சொன்ன" என்றார். போனை நீட்டி என் எண்ணைப் போடச் சொன்னார். "அந்தப் பாட்ட பாடி அனுப்பு."

எனக்குப் பாட வராது என்றேன். "சொல்லவாச்சும் சொல்லு" என்று பஸ் ஏறிவிட்டார்.

ஐந்தே காலுக்கு ரயில். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிச் சத்தத்துக்கு நடுவே அந்த நான்கு வரியை மூன்று முறை பதிவு செய்து அனுப்பினேன். அந்தச் சுலோகமே கிடையாது என்று நிரூபிக்க ஆறு வருடம் உழைத்தவன்! அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் செய்து முன்னுரையை நிறுத்தச் சொன்னேன். ஏன் சார் என்றார்கள். தப்பு என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: கூட்டம் வேண்டாம் என்றால் செவ்வாய், வெள்ளி, கிருத்திகை நாட்களைத் தவிருங்கள். வெயில் ஏறுமுன் படி ஏறிவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். சாப்பாட்டையும் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். பாட்டு, சடங்கு என்று எதையாவது எழுதப் போகிறவர்கள் முதலில் நாலு வாரம் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காகிதத்தை வெளியே எடுக்காதீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு லோகம்மாவுக்குப் போன் செய்தேன். கஸ்தூரி வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தா சார். எங்க யார்கிட்டயும் பேசல. மோவாய் முடிஞ்சதும் நாங்க பழக்கத்துல தோளுக்குப் போய்ட்டோம். கைய காட்டி நிறுத்திட்டு, கழுத்த அவளே பாடனா. எங்களுக்கு ஒரு வரிகூட நெனப்புல இல்ல சார், பதினோரு வருசமாச்சே. அப்பறம் அவதான் எங்க எல்லாருக்கும் வரி வரியா சொல்லிக் குடுத்தா."