ஜப்பான்காரர் போட்ட கையெழுத்து

அந்தக் கையெழுத்து போலி. போட வைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தேன். என் நண்பன் மாசிலாமணி, திருக்கழுக்குன்றத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஜப்பானில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதும் ஒரு நாவலாசிரியர் மேல் அவனுக்குப் பைத்தியம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவன் கதை சொல்லக் கேட்டதோடு சரி.

ஒருநாள் ஜப்பானியச் சுற்றுலாக்காரர் ஒருவர் வந்து தங்கினார். மாசிலாமணி விட்டுப்போன புத்தகம் என் மேசையில் கிடந்தது. எனக்கு ஒரு குறும்பு. ஞாபகத்துக்கு ஒரு கையெழுத்து என்று நீட்டினேன். மனிதர் மகிழ்ந்துபோய்த் தன் மொழியிலேயே போட்டுத் தந்தார்.

"உன் ஆளு இங்க தங்கிட்டுப் போனாரு மச்சான். நீதான் இல்லாம பூட்ட," என்றேன் மாசிலாமணியிடம்.

அவன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது... அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவன் சந்தோஷத்தில் எனக்கும் பெருமையாக இருந்தது. அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து, செங்கல்பட்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் அந்த நாவலாசிரியரைப் பற்றி அவன் பேசினான். அவனுக்கு அதுதான் முதல் மேடை. நன்றாகவே பேசினான். முடிவில் புத்தகத்தை எல்லோரும் பார்க்கக் கொடுத்தான். பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சார் இது? அவரு சின்னப் பையனா இங்கிலாந்து போனவரு. ஜப்பான் எழுத்தே அவருக்குச் சரியா வராது. யாரு சார் உங்கள ஏமாத்துனது?"

மாசிலாமணி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு கணம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாரும் ஏமாத்தல சார். ஒரு பெருமைக்கு நானே எழுதிகினேன்," என்றான்.

கூட்டம் சிரித்தது. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எழுந்து சொல்லியிருப்பீர்களா? தெரியவில்லை. நான் எழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. அத்தனை படித்தவனுக்கு முதலிலேயே சந்தேகம் வராமலா இருந்திருக்கும்... நான் சொன்னதால் நம்பியிருப்பான்.

அதன்பின் அவன் வாசகர் வட்டத்துக்கு வரவேயில்லை. நான் போகிறேன். "உங்க ஃபிரண்டு, அந்த ஜப்பான் கையெழுத்துக்காரரு, வர்றதில்லையா?" என்று இப்போதும் யாராவது கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆபீசில் வேலை அதிகம் என்பேன். கூடவே நானும் சிரித்துவைப்பேன்.