பழைய பெட்டியை அணைத்த நாள்

அதிராம்பட்டினத்தில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த நான், இன்டர்நெட்டும் கொடுக்கத் தொடங்கியபோது வாங்கிய பெட்டி அது. வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தெருத்தெருவாகப் பிரித்து அனுப்பும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதில் எரியும் பச்சை விளக்குகளைப் பார்த்தே தொழிலை ஓட்டினேன்.

ஒருநாள் பெட்டியை விற்ற தஞ்சாவூர்க் கடைக்காரர் போனில் சொன்னார். "அண்ணே, உங்க மாடலைக் கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான். இனிமே ரிப்பேரும் கிடையாது, அப்டேட்டும் கிடையாது. ஓடுறவரைக்கும் ஓடும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. புதுப் பெட்டி வாங்கியும் மாற்றத் துணிச்சல் வரவில்லை. வருடக்கணக்கில் அணைக்காத பெட்டி. அணைத்த பிறகு புதியதும் ஓடாமல், பழையதும் எழுந்திருக்காமல் போனால்?

"மாசாந்திர கரண்ட் கட் அன்னைக்கு மாத்துங்களேன். கரண்டே இல்லாதவங்க நெட் இல்லைன்னு கேக்கவா போறாங்க?" என்றாள் மனைவி.

அப்படியே செய்தேன். பெட்டி இருக்கும் எங்கள் அறைக்கு மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. பழையதை அணைத்துவிட்டுப் புதியதில் வயர்களைச் செருகிக்கொண்டிருந்தபோது, கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும், அக்கா முறையில் நான் லாத்தா என்று அழைக்கும் அம்மா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னைக்குப் பேரனுக்குப் பேர் வைக்கிறோம். சாயங்காலம் அசர் தொழுதுட்டு எல்லாரும் வந்துடுவாங்க. மாப்பிள்ளை துபாய்லேர்ந்து பாக்கணுங்கிறாரு. வீட்டுக்குள்ள செல்லுல சிக்னல் எடுக்காது, உனக்கே தெரியும். கரண்ட் வந்ததும் நெட்டு வந்துரும்ல?"

"வந்துரும் லாத்தா" என்றேன். அவர் தெருவுக்கான வயரைக் கையில் எடுத்தேன்.

கரண்ட் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது. வீடுகளில் மோடம்கள் ஓடத் தொடங்க, புதுப் பெட்டியில் ஒவ்வொரு விளக்காகப் பச்சையானது. லாத்தா தெருவுக்கு உரியது மட்டும் எரியவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "இங்கேர்ந்து கம்ப்யூட்டர்ல பாத்தா பெட்டி சரியாத்தான் இருக்கு அண்ணே. வயரைப் பாருங்க."

பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. மனைவி குனிந்து பார்த்தாள்.

"இது மட்டும் கொஞ்சம் வெளியில நிக்குது. அழுத்தலையா?"

"உள்ளே கண்ணாடி இழை. உடைஞ்சுட்டா?"

"மத்ததெல்லாம் உடைஞ்சுதா? அழுத்துங்க."

லாத்தாவிடம் வாக்குக் கொடுத்த பயத்தில் அந்த ஒன்றை மட்டும் பூப்போலச் செருகியிருக்கிறேன். அழுத்தினேன். 'டிக்' என்றது. விளக்கு எரிந்தது.

அப்படியும் மனசு கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய் லாத்தா வீட்டு வாசலில் நின்றேன். குழந்தைக்கு நேராக யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். அதில் மாப்பிள்ளை முகம் ஆடி ஆடித் தெரிந்தது.

"லாத்தா, படம் ஆடுதே?"

"உன் லைன்ல ஒண்ணுமில்ல தம்பி. அவரு அழுவுறாரு, கை நிக்கல. பேரு வச்சதைக் காதால கேட்டுட்டாருல்ல. நீ உள்ளே வந்து உக்காரு."

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பம் கொடுத்தார்கள். தட்டைக் கையில் வாங்கும்போது மனைவியின் போன் வந்தது. பழைய பெட்டியைக் கழற்றி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"கழட்டிடு" என்றேன். லாத்தாவிடம் இன்னொரு துண்டு கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டேன்.