தேர்வாளரின் மூக்கும் பழ மணமும்

வேதியியல் ஆய்வகத்தில் கண்ணைவிட மூக்குக்கே வேலை அதிகம் என்று முதன்முதலில் எனக்குச் சொன்னவர், சிதம்பரத்தில் என்னுடன் பணியாற்றிய ஸ்டெல்லா டீச்சர். அமில நெடியில் கண் கலங்கி நின்ற சக ஆசிரியர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

பழமில்லாத பழம்

2006இல் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டர் சேர்மங்களைப் பற்றிய பாடத்தன்று அமைல் ஆல்கஹாலுடன் அசெட்டிக் அமிலத்தையும் சில துளி அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, சோடா உப்புக் கரைசலில் ஊற்றினேன். வாழைப்பழ மணம் தாழ்வாரம் வரை போயிற்று. அடுத்த வகுப்பின் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"தாரே வாங்கி வச்சிருக்கீங்க போல. எங்களுக்கு ஒரு பழம் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

மணக்காத புடவை

ஐஸ்கிரீமில் சேர்க்கும் பழ எசன்சும், நகப்பூச்சைக் கரைக்கும் திரவமும், பாலியஸ்டர் புடவையும் எஸ்டர் குடும்பமே என்றேன். செம்மண்டலத்திலிருந்து வரும் கலைவாணி எழுந்தாள். செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினால்தான் அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்புவேன் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே எதையும் கேட்காமல் விடமாட்டாள். புடவை ஏன் மணப்பதில்லை என்றாள். அதன் மூலக்கூறு மிகப் பெரியது, ஆவியாகி மூக்குவரை வராது என்றேன். பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள்.

"எங்க அத்த மாதிரிதான் டீச்சர். ஒக்காந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க."

தைலம்

செய்முறைத் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குக் கடுமையான சளி. தலையில் மப்ளர், நெற்றியிலும் மூக்கடியிலும் தைலம். கலைவாணிக்குச் சோதித்துக் கண்டறியக் கிடைத்தது பென்சாயிக் அமிலம். முறைப்படி எஸ்டராக்கி, 'இனிய பழ மணம்' என்று எழுதியிருந்தாள். அவர் சோதனைக் குழாயை முகர்ந்தார்.

"தைல வாசனதான வருது? பாக்காமலே எழுதிட்டியாம்மா?" என்று மூன்று மதிப்பெண்களைக் குறைத்தார்.

கலைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் முகர்ந்தேன், பழ மணமேதான். தேர்வாளரிடம் வாதிடுவது முறையல்ல. ஆகவே இன்னொரு குழாயை நீட்டி, "சார், இதையும் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

"இதுலயும் தைலந்தான்."

"இது வெறும் தண்ணீர், சார். தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் எஸ்டர்தான். ஆனால் அது குழாயில் இல்லை, உங்கள் மூக்கடியில் இருக்கிறது."

அவர் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முகம் கழுவி, வாசலில் நின்று மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு வந்தார். கலைவாணியின் குழாயை மறுபடி முகர்ந்தார். இன்னொரு முறையும் முகர்ந்தார். அவள் அப்பாவின் நிபந்தனையை நான் சொல்ல, குறைத்த மூன்று மதிப்பெண்களையும் திரும்பப் போட்டார்.

"தப்பு என் மூக்கு மேலதாம்மா. நீ கெளம்பு, போய் அப்பாகிட்ட பொட்டி கட்டச் சொல்லு."

இத்தனை ஆண்டுகள் எஸ்டர் காய்ச்சியதில் நான் கண்ட தொழில் லாபம், ஒரு மூக்கைக் கழுவவைத்துத் திரும்பப் பெற்ற மூன்று மதிப்பெண்கள்.